இல்லறமும் உதவித்தொகையும்

உடற்குறையால் பொருள் ஈட்ட இயலாத ஒருவருக்கு அரசு திங்கள்தோறும் ஒரு தொகை வழங்குகிறது. அவர் மணம் புரிந்துகொண்டால் அத்தொகையை நிறுத்தலாமா? மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இது கணக்கர் மேசைக் கேள்வியாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அறத்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

மைய அரசுப் பணியை நம்பித் தமிழகம் விட்டு வந்த குடும்பங்கள் நம்முள் பல. பணியாளரும் அவர் துணைவரும் மறைந்தபின், சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதிகள் வழிசெய்கின்றன. ஆயினும் முன்னாளில் அதற்கு ஓர் எல்லை இருந்தது. மணமாலை விழுந்ததும் ஓய்வூதியம் நின்றுவிடும். மகளுக்குத் துணை தேடுவதா, அவள் சோற்றுக்கு வழி காப்பதா என்று பெற்றோர் தடுமாற நேர்ந்தது. 2013 சனவரியில்தான், மணத்துக்குப் பின்னும் அது தொடரும் என்னும் ஆணை பிறந்தது.

செல்வம் மிகுந்த அமெரிக்காவிலோ இத்தடுமாற்றம் இன்னும் தீரவில்லை. வருவாய் குன்றிய முதியோர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் 1974 முதல் அங்கு ஓர் உதவித் திட்டம் நடைபெறுகிறது. 2025இல் அதன்படி தனியொருவர் பெறக்கூடிய உச்சத் தொகை திங்களுக்கு 967 டாலர். அத்தகைய இருவர் தனித்து வாழ்ந்தால் 1,934 டாலர் பெறுவர். கணவன் மனைவியானால் 1,450 டாலரே. சேமிப்பு வரம்பும் தனியொருவர்க்கு 2,000, தம்பதியர்க்கு 3,000 டாலர். 1989 முதல் அது உயரவில்லை.

ஒரு கூரையின்கீழ் வாழ்வார்க்குச் செலவு குறையும். பொதுப்பணமோ அளவுடையது என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், வாடகையைப் பகிர்ந்து ஒரே வீட்டில் வாழும் இரு நண்பர்க்கு இக்குறைப்பு இல்லையே! அங்ஙனமாயின் குறைக்கப்படுவது சிக்கனத்தின் பொருட்டன்று; திருமணத்தின் பொருட்டே.

மாலை சூடியதால் பார்வையற்றவர் பார்வை பெறுவதில்லை. நடக்க இயலாதவர் நடப்பதுமில்லை. மருந்தும் ஊன்றுகோலும் முன்போலவே தேவை. முன்பு தம் பணத்தில் வாங்கியவர், இனித் துணைவரிடம் கையேந்த வேண்டும். அன்புள்ள வீட்டிலும் அது கூச்சம் தரும். அன்பற்ற வீட்டில் அதுவே விலங்காகும்.

வள்ளுவர் இல்வாழ்வானைப் பிறர்க்குத் துணையாகவே காட்டுகிறார். மணமானால் உதவி வேண்டாம் எனும் சட்டமோ, உடற்குறை உடையோரைப் பிறர் சுமக்கும் சுமையாக மட்டுமே காண்கிறது. அவரும் ஒரு வீட்டைத் தாங்கலாம், ஒரு நெஞ்சுக்குத் துணையாகலாம் என்பதை அது எண்ணவில்லை. ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு அவர்தம் மணவுரிமையை ஏற்கிறது. இந்தியா 2007இல் அதற்கு இசைந்தது. உரிமையை ஒரு கையால் தந்து, அதற்கு விலையை மறு கையால் பெறுவது முறையாகுமா?

சட்டம் திருந்தினால் மட்டும் போதாது. தொடரும் ஓய்வூதியத்தைச் சீதனமாகக் கருதிப் பெண் கேட்டு வருவாரும் உண்டு. அத்தொகை அவள் பெயரில், அவள் கணக்கில், அவள் விருப்பப்படி செலவாதல் வேண்டும். அதனைக் காப்பது அரசின் கடன் மட்டுமன்று. பெண் கொடுப்பார்க்கும் கொள்வார்க்கும் உரிய கடனுமாகும்.