இறங்கச் சொல்லும் உரிமை

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 60 வயதானால் வீட்டுக்குப் போகலாம் என்று அரசாங்கமே சொல்லிவிடும். இன்னும் படிப்பிக்கத் தெம்பிருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பிறந்த திகதியே தீர்ப்பை எழுதிவிடுகிறது. அதில் அநியாயமும் இருக்கிறது, ஒரு நிம்மதியும் இருக்கிறது. விளையாட்டு வீரனுக்கு அந்த நிம்மதி இல்லை. எப்போது இறங்குவது என்பதைப் பெரும்பாலும் அவனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே அது வெறும் தொழில் சார்ந்த கேள்வியாக நின்றுவிடாமல் ஓர் ஒழுக்கக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

இதை ஐஸ் ஹொக்கியை வைத்துச் சிந்தித்துப் பார்க்க விரும்புகிறேன். மாத்தளையிலும் கண்டியிலும் நாம் பார்க்கின்ற ஹொக்கி அல்ல இது. கனேடியர்கள் உயிராய் நேசிக்கும், பனித்தளத்தின் மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஆட்டம். உடலோடு உடல் மோதுவது அதில் விதிகளுக்கு உட்பட்டதே. ஆகவே உடல் அங்கே சீக்கிரம் தேய்கிறது. வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஓர் அணி ஒரு போட்டிக்கு இரண்டு கோல் காப்பாளர்கள் உட்பட 20 பேரையே நிறுத்தலாம். முதிர்ந்த வீரர் ஒருவர் வைத்திருக்கும் இடம் ஏதோ ஓர் இளைஞனுக்குக் கிடைக்காத இடம்தான்.

இத்தகைய வீரர்களுக்கு உலகம் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: புகழின் உச்சியில் இருக்கும்போதே விலகிவிடு. இதற்கு உதாரணமாக ஷோன் பெலிவோவைக் காட்டலாம். மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் தலைவராக இருந்த அவர் 1971இல், தமது 39ஆவது வயதில், பத்தாவது தடவையாக ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற கையோடு விலகிக்கொண்டார். அதன்பின் அதே கழகத்தின் நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். 1994இல் கனடாவின் ஆளுநர் நாயகம் பதவி அவரைத் தேடி வந்தபோது அதையும் வேண்டாமென்றார். கணவனை இழந்திருந்த மகளுக்கும் இரண்டு பேத்திகளுக்கும் தாம் அருகில் இருப்பதே முக்கியம் என்பது அவருடைய முடிவு. எந்த இடத்தை விடுவது, எந்த இடத்தில் நிற்பது என்று அறிந்த மனிதர்.

ஆனால் பெலிவோ செய்ததை எல்லோருக்குமான சட்டமாக்க முடியுமா? உச்சியில் விலகு என்ற புத்திமதி பார்வையாளர் ஆசனத்திலிருந்து வருகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. அந்த வீரர் தளர்ந்து தடுமாறுவதைக் கண்டால் நமது பழைய ஞாபகம் கெட்டுவிடுமே என்பதுதான் நமது கவலை. நமது ஞாபகத்தைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் தமக்குப் பிரியமான தொழிலை விட்டுவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

கோர்டி ஹோவின் கதை இந்தப் புத்திமதிக்கு நேர்மாறானது. 1946இல் டெட்ரோய்ட் அணியில் சேர்ந்த அவர் 25 பருவகாலங்கள் விளையாடி, மணிக்கட்டு உபாதையுடன் 1971இல் ஓய்வு பெற்றார். கழகம் அவருக்கு அலுவலகத்தில் ஒரு பதவி கொடுத்தது. பதவி இருந்தது, செய்வதற்கு உருப்படியான வேலை இருக்கவில்லை. 1973இல் போட்டி லீக் ஒன்றின் ஹூஸ்டன் அணியில் தம் இரு புதல்வர்களோடு சேர்ந்து மீண்டும் களமிறங்கினார். 1979-80 பருவகாலத்தில் ஹார்ட்போர்ட் அணிக்காகத் தேசிய லீக்குக்கே திரும்பி வந்து, 80 போட்டிகளிலும் ஆடி 15 கோல்கள் போட்டார். அந்தப் பருவகாலத்தில்தான் அவருக்கு 52 வயது நிறைந்தது. அந்த இடத்தை அவர் எவரிடமிருந்தும் பறித்ததாக எனக்குப்படவில்லை. ஆடித்தான் வைத்திருந்தார்.

அப்படியானால் வயது அளவுகோல் அல்ல. நமது ஞாபகமும் அல்ல. வேறு எது?

ஒரு பெரிய வீரரின் உடல் முதலில் தளர்கிறது, பெயர் தளர்வதில்லை. சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சீட்டு வாங்கி வருகிறவர்கள் அந்தப் பெயரைப் பார்க்கவே வருகிறார்கள். அணியின் இளைஞர்கள் அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள். பயிற்றுநருக்கோ அவரை வெளியே உட்காரவைத்தால் மறுநாள் பத்திரிகைக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘யாரை ஆடவிடுவது என்று தீர்மானிக்கத்தானே பயிற்றுநருக்குச் சம்பளம், வீரர் ஏன் அதைச் சுமக்க வேண்டும்’ என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பயிற்றுநரின் வாயைக் கட்டிவைத்திருப்பது வீரரின் பெயரே என்றால், அந்தக் கட்டை அவிழ்க்கக்கூடியவரும் அவர்தான். இறங்கு என்று தம்மிடம் சொல்லும் உரிமையை மற்றவர்களிடம் விட்டுவைப்பது, முதிர்ந்த வீரரின் முதற் கடமை என்பேன்.

பொபி ஓர் இதைச் செய்து காட்டியவர். 1976இல் அவர் பொஸ்டனிலிருந்து சிக்காகோ அணிக்குச் சென்றார். முழங்காலில் பல சத்திரசிகிச்சைகள் நடந்திருந்தன. சிக்காகோவுக்காக அவரால் மொத்தம் 26 போட்டிகளே ஆட முடிந்தது. 1977-78 பருவகாலம் முழுவதும் ஆடவேயில்லை. சம்பளக் காசோலைகளை அவர் மாற்றவில்லை. விளையாடத்தான் சம்பளம், விளையாடாதபோது அது எதற்கு என்பது அவர் வாதம். இதைப் பணக்காரரின் தாராளம் என்று நினைக்கக் கூடாது. நம்பிய முகவரால் கைவிடப்பட்டு, 1978இல் 30 வயதில் ஓய்வு பெற்றபோது அவருடைய கடன் சொத்தைவிட அதிகமாயிருந்தது. ஒப்பந்தப்படி அந்தப் பணம் அவருக்குரியதே. ஆனாலும் தம் பெயருக்கு விலை வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. தம் இடத்தை ஓர் அமானிதமாகவே அவர் கருதினார் போலும்.

இதற்கு மறுபக்கத்தில் யாரோமிர் யாகரை வைத்துப் பார்க்கலாம். 2018இல் அவர் செக் நாட்டிலுள்ள தம் சொந்த ஊரான கிளாட்னோவுக்குத் திரும்பி, 50 வயது கடந்தும் ஆடினார். ஊர்மீது அவருக்கிருந்த பற்றைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கழகத்தின் உரிமையாளராகவும் அவரே இருந்தார். உரிமையாளரைப் பார்த்து, இன்றைக்கு நீங்கள் வெளியே இருங்கள் என்று எந்தப் பயிற்றுநர் சொல்வார்? அவர் நன்றாக ஆடியிருந்தாலும் இந்தக் கேள்வி எஞ்சியிருக்கும்.

இனி, இவர்கள் ஏன் விட மறுக்கிறார்கள் என்பதையும் நேர்மையாக நோக்க வேண்டும். எல்லாம் புகழாசை அல்ல. சிறு வயதிலிருந்தே காலையும் மாலையும் பனித்தளம்தான். வேறு வாழ்க்கை தெரியாது. போக இடமில்லாதவனுக்கு இறங்கு என்ற சொல் காதில் ஏறாது. ஆகவே அடுத்த வாழ்க்கைக்கு முன்கூட்டியே ஆயத்தமாவது இரண்டாவது கடமையாகிறது. அது எதிர்கால வருமானத்தோடு முடிகிற விடயமல்ல. உண்மையைக் கேட்கும் தைரியம் அதிலிருந்துதான் வருகிறது. மொன்றியலின் கோல் காப்பாளர் கென் டிரைடன் விளையாடிக்கொண்டே சட்டம் படித்தார். சம்பளப் பிணக்கினால் 1973-74 பருவகாலத்தில் ஒதுங்கியிருந்தபோது சட்ட நிறுவனமொன்றில் பயிற்சி பெற்றார். ஆறு ஸ்டான்லி கிண்ணங்களோடு 1979இல் 31 வயதில் விலகியவர், எழுத்தாளரானார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்து 2025இல் மறைந்தார். அவருக்கு விலகுதல் எளிதாயிருந்ததென்றால், போவதற்கு ஓர் இடம் இருந்ததே காரணம்.

மூன்றாவது கடமை வீரருடையதல்ல, மற்றவர்களுடையது. ஹோவுக்குக் கொடுத்தது போன்ற வெற்றுக் கதிரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பொன்னாடை போர்த்தி, தலைவர் என்று பெயரும் சூட்டி, எதையும் கேட்காமல் மேடையில் இருத்திவைக்கும் வழக்கம் நமது இலக்கியக் கூட்டங்களுக்கும் புதியதல்ல. அது மரியாதையின் உருவில் வருகிற புறக்கணிப்பு. அனுபவசாலியிடம் வேலை கேட்க வேண்டும். இளைய காப்பாளனுக்கு நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது, தோற்ற அணியின் உடைமாற்றும் அறையில் என்ன பேசுவதென்று சொல்லிக்கொடுப்பது, இவையெல்லாம் வேலைகளே.

ஆகவே முதிர்ந்த வீரரிடம், போ என்றோ இரு என்றோ நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவகாலத்தின் முடிவிலும் அவர் பயிற்றுநரிடம் போய், சட்டையின் முதுகில் என் பெயர் இல்லாவிட்டாலும் என்னை இறக்குவீர்களா என்று கேட்கட்டும். பயிற்றுநர் முகத்தைப் பார்த்து மறுமொழி சொல்லட்டும். ஆம் என்றால் 52 வயதிலும் ஆடலாம். இல்லையென்றால், 30 வயதென்றாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மறுநாள் காலையில் செய்வதற்கு ஒரு வேலையோடு வீட்டுக்குப் போகலாம்.