பிள்ளையிடம் நோயை மறைப்பது பொய்யாகுமா?





சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு மூதாட்டி பள்ளிவாசல் வாசலில் காத்திருந்தார். அவருடைய அனுமதியுடன், அடையாளங்களை மாற்றித்தான் இதைச் சொல்கிறேன். மகளும் மருமகனும் மவுத்தாகிவிட்டார்கள். பதினொரு வயதுப் பேரன் அவரிடம் வளர்கிறான். அவனுக்குப் பிறவியிலேயே எச்.ஐ.வி. தினமும் இரவு ஒரு மாத்திரை. "சத்து மாத்திரை" என்று சொல்லியே கொடுத்து வந்திருக்கிறார்.

"ஹஜ்ரத், பேரன்கிட்ட நான் சொல்றது பொய்யாகுமா?" என்று கேட்டார்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. "குறைகளை மறைப்பவன் அல்லாஹ். நீங்களும் மறைத்து வையுங்கள் அம்மா. சின்னப் பிள்ளை, மனசு தாங்காது" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் தவறு என்று எனக்குப் புரிய சில மாதங்கள் ஆயின.

பையன் மாத்திரையை வாயில் போடுவது போலப் போட்டு, பிறகு துப்பியிருக்கிறான். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "நான்தான் நல்லா ஓடுறேன், விளையாடுறேனே நன்னி. எனக்கு எதுக்கு சத்து மாத்திரை?"

அவனிடம் என்ன குற்றம் சொல்ல முடியும்? நாம் கொடுத்த தகவலை வைத்துச் சரியாகவே யோசித்திருக்கிறான். தவறு தகவலில் இருந்தது.

பேரீச்சம்பழமும் மாத்திரையும்

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, அவரது தாயார் "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்பது நபியவர்கள் சொன்னதன் கருத்து. (அபூதாவூத்)

பிள்ளையை அழைக்கச் சொல்லும் சின்ன வார்த்தைக்கே கணக்கு உண்டு என்றால், அவன் உயிரோடு சம்பந்தப்பட்ட வார்த்தைக்கு?

"அவன் மனம் நோகக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தானே சொன்னோம்" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பொய்யால் நிம்மதி கிடைத்தது பெரியவர்களுக்கு. அதற்கான விலையைக் கொடுத்தது பிள்ளை.

இங்கே இரண்டு விஷயங்களை நான் குழப்பிக்கொண்டேன். ஊரிலிருந்து மறைப்பது அமானிதம். அந்தப் பிள்ளையிடமே மறைப்பது வேறு. அது அவனுடைய உடம்பு, அவனுடைய செய்தி. சொல்லும் காலத்தைத் தள்ளிப்போட நமக்கு அனுமதி இருக்கலாம். அந்த இடத்தில் பொய்யை வைக்க அனுமதி இல்லை.

எப்போது, எப்படி?

இப்ராஹீம் (அலை) அவர்களிடம் பாடம் இருக்கிறது. ஒரு தகப்பன் மகனிடம் சொல்ல வேண்டிய செய்திகளிலேயே மிகக் கடினமானது அவர்களிடம் இருந்தது. குர்ஆன் அதைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள் (37:102). மகன் தந்தையோடு சேர்ந்து உழைக்கும் பருவத்தை அடைந்த பிறகு, "என்னருமை மகனே" என்று அன்பாக அழைத்து, ஒளிக்காமல் சொல்லி, உன் கருத்து என்ன என்றும் கேட்டார்கள். வயது, அன்பு, உண்மை, பிள்ளையின் பேச்சுக்கு இடம் ஆகிய நான்கும் அங்கே இருக்கின்றன.

உலக சுகாதார அமைப்பு 2011ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: சிறு வயதில் புரியும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பள்ளி வயதில் நோயின் பெயரோடு.

மருத்துவமனை ஆலோசகரும் நன்னியும் சேர்ந்து அப்படியே சொன்னார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைக்குத் திராட்சைப் பந்தல் தெரியாதா? இலை பச்சையாக இருக்கிறதே என்று மருந்தடிப்பதை விட்டால் சாம்பல் நோய் என்ன செய்யும் என்றும் தெரியும். "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது. உடம்பைக் காக்கும் காவல் அணுக்களை அது அழிக்கப் பார்க்கும். மாத்திரை அதை அடக்கி வைக்கும், அடியோடு அழிக்காது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மாத்திரைக்கே அடங்காத கிருமியாக மாறிவிடலாம். அதனால் தினமும் சாப்பிட வேண்டும். அதன் பெயர் எச்.ஐ.வி." இவ்வளவுதான்.

அவன் இரண்டு கேள்விகள் கேட்டான். "அம்மாவுக்கும் இதுதானா?" ஆமாம் என்றார் நன்னி. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னார். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" இந்தக் கேள்வியோடு என்னிடம் அழைத்து வந்தார்கள். எந்த ஆன்மாவும் இன்னொன்றின் சுமையைச் சுமக்காது (6:164), பருவமடையாத பிள்ளைமீது எழுதுகோலே உயர்த்தப்பட்டிருக்கிறது, நோய் பாவத்தின் முத்திரை அல்ல, அய்யூப் (அலை) நபியாக இருந்தே நோயைச் சுமந்தார்கள் என்று சொன்னேன். "உன் அத்தாவையும் அம்மாவையும் பற்றி விசாரிப்பது நம் வேலை இல்லை, அவர்களுக்காக துஆ செய்வதுதான் நம் வேலை" என்றும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாதா என்று கேட்டான். "நீ விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் வேண்டாம். ரகசியம் வேறு, வெட்கம் வேறு" என்றேன்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், நம் சென்னையில். 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. அல்லாஹ் நிவாரணம் இறக்காமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற நபிமொழியின் கருத்தை நினைவில் வையுங்கள். மருந்தை முறையாக எடுக்கும் பிள்ளைகள் இன்று படித்து, வேலைக்குச் சென்று, திருமணமும் செய்துகொள்கிறார்கள். கர்ப்பிணிக்கு உரிய காலத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் குழந்தைக்கே தொற்றாமல் காக்க முடிகிறது.

அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய ஆபத்து எது? நாமும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயமும்தான். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே ஹவ்ளில் ஒளு செய்தால், ஒரே ஸஃப்பில் நின்றால் எச்.ஐ.வி பரவாது. கொசுவாலும் பரவாது. இதை உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள். நோயாளியோடு ஒரே தட்டில் உண்ணத் தயங்கியவர்களுக்கு, தயங்க வேண்டாம் என்று 24:61 வசனம் வழி திறந்ததாக விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி சட்டமும் பாகுபாட்டையும், அனுமதியின்றி ஒருவர் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது.

அந்தப் பையன் இன்று தன் மாத்திரையைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறான். துப்புவதில்லை. நான் முதலில் சொன்ன பதிலுக்காக அந்த நன்னியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அல்லாஹ்விடமும் கேட்கிறேன்.

பிள்ளைகளிடம் உண்மை பேசும் துணிவையும், அதை அன்போடு சொல்லும் நாவையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.