கண்ணோட்டமும் ஒற்றாடலும்

மனிதனுக்கு வாய்த்த புலன்களுள் கண்ணுக்கு ஒரு தனி உரிமை உண்டு. நாவுக்குச் சுவை தெரிய வேண்டுமானால் பொருள் நாவைத் தொட வேண்டும். கை ஒன்றை அறிய வேண்டுமானால் அதன்மீது படிய வேண்டும். கண்ணோ தொலைவில் நின்றபடியே தனக்கு வேண்டியதைப் பெற்றுவிடுகிறது. பார்க்கப்பட்டவன், தான் பார்க்கப்பட்டதையே அறியாதிருக்கலாம். இந்த உரிமை பெரிது. ஆகையால் இதற்குரிய கடமையும் பெரிதாகவே இருத்தல் வேண்டும் அன்றோ?

இக்கடமையைப் பற்றித் தமிழர் தனியே சிந்தித்துள்ளனர் என்பதற்குச் சான்று, ‘கண்ணோட்டம்’ என்னும் சொல்லே. இன்று நாம் அச்சொல்லை ‘ஒரு பொருளைப் பார்க்கும் விதம்’ என்ற பொருளில் வழங்குகிறோம். பண்டை வழக்கில் அது இரக்கத்தைக் குறித்தது. எதிரில் நிற்பவர்பால் கண் சென்று படிந்து, நெஞ்சம் நெகிழ்வதே கண்ணோட்டம். திருக்குறளில் 58ஆம் அதிகாரத்திற்கு இதுவே பெயர். பார்வையும் பரிவும் ஒரே சொல்லுள் அடங்கியிருந்தன. காலப்போக்கில் பரிவு உதிர்ந்து பார்வை மட்டும் எஞ்சியது.

இவ்வதிகாரம் அமைந்துள்ள இடமும் எண்ணத்தக்கது. அரசியல் என்னும் பகுதியில் இதற்கு அடுத்து 59ஆம் அதிகாரமாக வருவது ‘ஒற்றாடல்’. தன்னை மறைத்துக்கொண்டு பிறரைக் காண்பவன் ஒற்றன். கண்ணுக்கு இருவேறு தொழில்கள் உண்டு என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஓரடி போதும் என்பதும் இவ்வரிசையைக் காணும்போது நம் நெஞ்சில் தோன்றுகின்றன. ஒற்றனை வள்ளுவர் அரசனுக்கே வகுத்தார். நாடு காக்கும் பொறுப்புடையவனுக்கு அது தேவை. பொறுப்பு ஏதுமில்லாத தனிமனிதன், பொழுதுபோக்கின் பெயரால், பிறரை ஒற்றாடலாமா? கையில் புகைப்படக் கருவி ஏந்திய ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று. திருவனந்தபுரத்து வலியசாலையில் குடியிருந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி பார்க்கும் நமக்கு, கோப்புகளுக்கு அப்பால் இரண்டு இன்பங்கள் உண்டு. ஒன்று மிதிவண்டி; மற்றொன்று புகைப்படம். விடுமுறைக் காலைகளில் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிள்ளிப்பாலம் கடந்து கரமனை ஆற்றுப் பாலத்திற்கோ வெள்ளாயணி ஏரிக்கோ செல்வது வழக்கம். சாலைக் கடைத்தெரு நம் வீட்டுக்கு மிக அருகில் உள்ளது. வாழைக்குலை வண்டிகள், பூக்கடைகள், பாத்திரக் கடைகள், சுமை தூக்குவோர் என அங்குக் கண்ணுக்குக் குறைவில்லாத விருந்து உண்டு. இவ்விருந்தில் நமக்கு உரியது எவ்வளவு என்பதே கேள்வி.

புகைப்படம் எடுப்பது வீண் வேலை என்று நாம் கருதவில்லை. வலியசாலையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற காந்தளூர்ச் சாலை, இங்குள்ள மகாதேவர் கோயிலைச் சார்ந்து இருந்தது என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அது கல்விச்சாலையா, அங்கு நிகழ்ந்தது போரா என்பன பற்றி நெடுங்காலமாக வாதம் நடைபெற்று வருகிறது. மன்னன் பெயர் கல்லில் நிலைத்தது. அச்சாலையில் பயின்ற மாணாக்கன் எப்படி இருந்தான், சோறு சமைத்தவர் எவர், வாயிலில் பூ விற்றவள் எவள் என்பனவற்றைச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக விளங்கிய சக்கரியாஸ் டி குரூஸ் எடுத்த படங்கள் இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், கர்சன் பிரபுவின் தொகுப்பில் உள்ளன. அப்படங்களால் அன்றைய திருவிதாங்கூரை நாம் காண முடிகிறது. எளிய மனிதரின் முகத்திற்கும் காலத்தை வெல்லும் வாய்ப்பை முதன்முதலில் அளித்தது புகைப்படக் கலையே. அதன் பெருமை அது.

ஆயினும், பயனுடைய செயல் என்பதனாலேயே ஒரு செயல் அறமாகிவிடாது. செய்யும் முறையும் அறமாக இருத்தல் வேண்டும். இம்முறையை நமக்குக் கற்பித்தது மிதிவண்டியே எனலாம்.

மிதிவண்டியில் செல்பவன் மறைந்து செல்ல இயலாது. காரில் செல்பவனுக்குக் கண்ணாடி திரையாகிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவன் முகத்தைக் கவசம் மூடியிருக்கிறது. வேகம் அவனைக் கணத்தில் அகற்றிவிடுகிறது. மிதிவண்டிக்காரனுக்கு இவ்விரண்டும் இல்லை. கிழக்கேகோட்டையிலிருந்து தலைமைச் செயலகத்தை நோக்கி ஏறும் மேட்டில் அவன் மூச்சு வாங்குவதைத் தெருவே பார்க்கும். ஒருவர் கைகாட்டினால் அவன் காலூன்றி நின்றாக வேண்டும். ‘என்ன பார்க்கிறாய்?’ என்று கேட்டால் விடை சொல்லியாக வேண்டும். அவன் தெருவைப் பார்க்கிறான். தெருவும் அவனைப் பார்க்கிறது. இந்தச் சமநிலையில்தான் பார்வையின் அறம் பிறக்கிறது. பிறரைக் காண விரும்புபவன், தானும் காணப்படும் இடத்தில் நிற்க வேண்டும். இதுவே காண்பவன் கடன்.

மிதிவண்டியும் புகைப்படக் கருவியும் ஒருங்கே சேர்ந்த வாழ்க்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா, 1913இல் குஜராத்தின் நவசாரியில் பிறந்தவர். 1942இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து பிரிட்டிஷ் தகவல் துறையில் பணியேற்றார். சேலை உடுத்து, கனத்த கருவிகளைச் சுமந்து, தில்லித் தெருக்களில் மிதிவண்டியில் சென்று படமெடுத்தார். விடுதலை நாளின் கொண்டாட்டமும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலமும் அவர் கருவியில் பதிந்தன. சேலை உடுத்த பெண்ணொருத்தி கருவியோடு நிற்பது அந்நாளில் எவர் கண்ணுக்கும் தப்பாத காட்சி. அவர் ஒளிந்து நின்று எவரையும் படமெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பெருமையை நாம் முழுதும் உணர்வது அவர் கருவியைக் கீழே வைத்த முறையில்தான். 1970இல், புகழோடு விளங்கிய காலத்திலேயே, அவர் தொழிலை விட்டார். தம் காலத்துப் புகைப்படக்காரர்களுக்கு ஒழுங்கு இருந்தது, மரியாதை இருந்தது; புதிதாக வந்தோரிடம் அது இல்லை என்பது அவர் பிற்காலத்தில் கூறிய காரணம். 2011இல் பத்மவிபூஷண் விருது அவரை நாடி வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். இடையில் நாற்பது ஆண்டுகள் அவர் அத்தொழிலுக்குத் திரும்பவில்லை. படம் கிடைப்பதைவிட, அது கிடைக்கும் முறை பெரிது என்று கருதிய உள்ளம் அது.

‘தெரு பொது இடம்; அங்குக் காணப்படுவதெல்லாம் எவரும் எடுத்துக்கொள்ளத் தக்கதே’ என்பார் உளர். இவ்வாதத்தை ஆற்றுகால் பொங்காலை நாளில் வைத்துச் சோதிக்கலாம். கண்ணகியின் வடிவமாகப் போற்றப்படும் ஆற்றுகால் அம்மைக்கு மாசி மாதத்தில் இலட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுகின்றனர். அன்று வலியசாலைத் தெருக்களிலும் கடைத்தெருவிலும் மூன்று மூன்று செங்கற்களாக அடுப்புகள் வரிசை வரிசையாக அமையும். தெருவே அன்று ஒரு பெரிய அடுக்களை. புகையில் கண் கலங்கி, வெயிலில் உடல் சோர்ந்து, முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியை, மாடியின்மேல் நின்று நெடுங்கண்ணாடி வில்லையால் ஒருவர் படம் பிடிக்கிறார். ‘பக்திக் கண்ணீர்’ என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறார். அது புகையால் வந்த கண்ணீர் என்பது அருகில் இருப்பவர்க்கே தெரியும். எட்ட நின்று மறைந்து எடுத்த படம் பிறர் உரிமையை மீறியதோடு, உண்மையையும் தவறவிட்டது. இறங்கி வந்து, ‘அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டிருந்தால், அந்த அம்மை மறுத்திருக்கலாம். சிரித்துக்கொண்டே இசைந்தும் இருக்கலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் அது பொய்யாகாது.

சட்டமும் இத்திசையில் ஓரடி வைத்துள்ளது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் அவ்வுரிமையை முற்றும் இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. உரிமை இடத்தைப் பற்றியது அன்று, மனிதரைப் பற்றியது. நல்ல குடும்பங்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் பண்பு ஒன்றையே சட்டம் தன் மொழியில் சொல்லியது. பிறர் உண்ணும்போது உற்றுப் பாராதே, அழும்போது வேடிக்கை பாராதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அன்றோ நாம்?

கடைத்தெருவில் சுமை இறக்கிவிட்டு இளைப்பாறிய தொழிலாளர் ஒருவரைப் படமெடுக்க நாம் இசைவு கேட்டோம். அவர் இசைந்தார், படமும் எடுத்தோம். பின்பு அவர் கேட்டார்: “சாரே, இந்தப் படம் எங்கே போகும்?”

எளிய கேள்விதான். முப்பத்தாறு படச்சுருள் இருந்த காலத்தில் இதற்கு எளிய விடையும் இருந்தது. படம் இருட்டறைக்குப் போகும். பின்னர் ஆல்பத்திற்குப் போகும். ஒருவேளை ஒரு கண்காட்சிச் சுவருக்குப் போகும். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியே புகைப்படக் கருவி. எடுத்த படம் அடுத்த நொடியில் கடல் கடக்கும். எவர் கைக்குப் போகும், எந்தத் தலைப்பைச் சுமக்கும், என்ன மாற்றம் பெறும் என்பதை எடுத்தவனே அறியான். தன் கையை விட்டுப் போனதை அவன் திரும்ப அழைக்கவும் இயலாது. ஆகவே ‘எடுக்கலாமா?’ என்று கேட்பது மட்டும் போதாது. ‘எங்கே போகும்?’ என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். அன்று நாம் சொன்ன விடை, “உங்களுக்கு ஒரு பிரதி வரும், எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒன்று இருக்கும், வேறெங்கும் போகாது” என்பதே. அடுத்த வாரம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சொன்ன சொல்லைக் காப்பதற்காக, நமக்குப் பிடித்த அப்படம் இன்றும் எந்தப் போட்டிக்கும் செல்லாமல் ஆல்பத்திலேயே இருக்கிறது.

இங்கு வலுவான தடை ஒன்று எழும். ‘எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் கொடுமைகளை எவ்வாறு உலகுக்குக் காட்டுவது? கொடியவன் இசைவு தருவானா?’ என்பர். இதற்கு விடை லூயிஸ் ஹைன் என்னும் அமெரிக்கரின் வாழ்வில் உள்ளது. குழந்தைத் தொழிலாளர் நலனுக்கான தேசியக் குழுவின் சார்பில் 1908 முதல் அவர் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சென்று படமெடுத்தார். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேதநூல் விற்பவர் போலவும், மேற்பார்வையாளர் போலவும் வேடம் பூண்டார். இது ஒற்றாடலே. ஆனால் அவர் யாரிடமிருந்து மறைந்தார் என்பதை நோக்க வேண்டும். குழந்தைகளை அவர் நேருக்கு நேர் நிறுத்தியே படமெடுத்தார். அவர்களோடு பேசி, பெயரும் வயதும் கேட்டறிந்தார். தம் சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு அவர்கள் உயரத்தைக் கணித்து, பைக்குள் கைவிட்டு மறைவாகக் குறித்துக்கொண்டார். 1938இல் அந்நாட்டில் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கு வழிகோலியவற்றுள் அப்படங்களும் அடங்கும். வலியவரிடமிருந்து மறைந்தார், எளியவர் முன் வெளிப்பட்டு நின்றார். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு. வலியவரைப் படமெடுக்க நாள் குறித்துக் கேட்டுக் காத்திருப்பர். எளியவரைக் கேளாமலே எடுப்பர்.

நல்ல நோக்கம் இருந்தும் கடன் தீராமல் நின்றதற்கும் சான்று உண்டு. 1936இல் கலிபோர்னியாவில், பசியால் வாடிய உழவர் முகாமில், டோரதியா லாங் ஒரு தாயைப் படமெடுத்தார். அப்படம் நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. முகாமுக்கு அரசின் உணவு வந்தது. அதற்குள் அந்தத் தாய் தம் குழந்தைகளோடு அங்கிருந்து போய்விட்டார். லாங் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை. 1978இல்தான் அவர் புளோரன்ஸ் தாம்சன் என்பது உலகுக்குத் தெரிந்தது. உலகெங்கும் பரவிய படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றும், அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் வருந்தினார். படம் ஆயிரவர்க்கு நன்மை செய்தது. படத்தில் இருந்தவர் பெயரற்றவராகவே நாற்பதாண்டுகளுக்கு மேல் இருந்தார். லாங் இரக்கமற்றவர் அல்லர். பெயர் ஒன்று கேட்காததே அங்கு இருந்த குறை. ஆனால் பெயரில்தான் மனிதர் இருக்கிறார்.

இவ்வாறெல்லாம் எண்ணினால் பல அரிய படங்கள் கைநழுவிப் போகும் என்பது உண்மை. கேட்பதற்குள் முகத்தின் இயல்பு மாறிவிடும், ஒளி மாறிவிடும். இவ்விழப்பை நாம் மறைக்க விரும்பவில்லை. கடைத்தெருவின் காலை வெயிலில், எடுத்தால் பரிசு பெறக்கூடிய எத்தனையோ காட்சிகளை, காலூன்றி நின்று, கண்ணால் மட்டும் கண்டு, கடந்து சென்றிருக்கிறோம். அறத்திற்கு விலை உண்டு. விலை இல்லாத அறம் வெறும் வசதியே.

கண்டதையெல்லாம் எடுக்க முடிகின்ற காலம் இது. எடுக்க முடியாத காலத்தில் தேவைப்படாத கட்டுப்பாடு இன்று தேவைப்படுகிறது. கட்டுப்படுத்தச் சட்டமும் அரசும் மட்டும் போதா. ஒவ்வொருவர் விரலும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். காண்பவன் காணப்படும் இடத்தில் நிற்கட்டும். பெயரைக் கேட்கட்டும். படம் எங்கே போகும் என்பதைச் சொல்லட்டும், சொன்னதைக் காக்கட்டும். இவ்வளவும் செய்த பின்னர் எடுக்கும் படங்கள் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். ஆயினும் அப்படங்களில் உள்ளவர்கள் எதிரில் வந்தால், நாம் தலைகுனிய வேண்டியிராது. பிரிந்துபோன பார்வையும் பரிவும் ‘கண்ணோட்டம்’ என்னும் சொல்லுக்குள் மீண்டும் ஒன்றுசேர, நம் கண்களே வழிசெய்ய வேண்டும்.