துவைச்சல்



ராஜபாளையத்திலிருந்து மேற்கே, மலையைப் பார்த்தபடி போனால் அய்யனார் கோவில். வழி நெடுகத் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். மலையடிவாரத்தில் ஆற்றங்கரை ஓரமாக நீர்காத்த அய்யனார் இருக்கிறார். பேரிலேயே அவருடைய வேலை இருக்கிறது. ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற மலை அது. மழைக்காலத்தில் ஆறு திடீரென்று பெருகி, சாமி கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அந்த மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

தென்பாண்டிச் சீமையில் அய்யனார் இருக்கிற இடத்தில் கருப்பசாமி இருப்பார். கருப்பசாமி இருந்தால் அரிவாள் இருக்கும். பிள்ளைக்கு உடம்பு தேறினால், காணி வழக்கு தீர்ந்தால், நேர்ந்துகொண்டபடி அரிவாள் செய்து கொண்டுவந்து சாமி முன்னால் நட்டு வைப்பார்கள். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கும் அப்படித்தான். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி இந்த வேலைக்குப் பேர்போன ஊர். ஆளுயரத்தைத் தாண்டிய அரிவாள்கள்கூட அங்கே உருவாகின்றன. பித்தளைப் பூண், வரிசையாக மணி, அலகில் வேலோ சூலமோ கொத்தியிருக்கும். அந்த அரிவாள் ஒரு புல்லைக்கூட வெட்டப்போவதில்லை. வெயிலிலும் மழையிலும் நிற்கும், துருப்பிடிக்கும்.

அய்யனார் கோவில் போகிற பக்கம் தெரிந்த கொல்லர் ஒருவர் புதிதாகப் பட்டறை போட்டிருந்தார். பழைய பட்டறை தெருவுக்குள் ஒரு ஓலைச்சாய்ப்பு. இது தகரக் கொட்டகை, சிமெண்டுத் தரை, ஊதுவதற்கு மின்விசிறி, எல்லாம் புதுசு. கூரையில் வெளிச்சம் வருவதற்காக இரண்டு கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். நான் போனபோது அவர் ஏணி மேல் நின்று அந்தத் தகடுகளைச் சாக்குப்பையால் மூடிக்கொண்டிருந்தார்.

“ஏன் அண்ணாச்சி, வெளிச்சம் நல்லதுதானே?” என்றேன்.

“வெளிச்சத்துல இரும்போட நிறம் தெரியாது தம்பி,” என்றார்.

உண்மைதான். உலையில் காய்ந்த இரும்பின் சிவப்பு நிழலில்தான் சரியாகத் தெரியும். வெயில் பட்டால் பழுத்த இரும்பும் கறுப்பாகவே தோன்றும். இன்னும் காயட்டும் என்று விட்டுவிடுவோம், இரும்பு கெட்டுப்போகும். காலங்காலமாகக் கொல்லுப்பட்டறை இருட்டாகவே இருந்ததற்குக் காரணம் வறுமை என்றே நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது வேலையின் தேவை என்று புரிந்தது.

உலையில் மூன்றடி நீளத்தில் ஒரு நேர்த்திக்கடன் அரிவாள். லாரியின் பழைய பட்டையை அடித்து எடுத்தது. லாரிப் பட்டை வில் எஃகு. நூறு பங்கில் அரைப் பங்குக்குச் சற்றே மேலாகக் கரி கலந்திருக்கும். இரும்பை எஃகாக்குவது அந்தத் துளிக் கரிதான். அலகின் வாய்ப்பகுதி செந்நிறம் ஏறியதும், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை ஒரு கம்பியில் கட்டி அதன்மேல் காட்டினார். ஒட்டவில்லை. 770 டிகிரி செல்சியஸ் அளவில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். இன்னும் கொஞ்சம் காயவிட்டு, வாயை மட்டும் தொட்டித் தண்ணீரில் இறக்கினார். ‘சுர்’ரென்று ஒரு சத்தம், ஒரு மூச்சு ஆவி. வெளியே எடுத்துக் கல்லில் இழுத்து ஒரு விரல் அகலம் பளபளக்கச் செய்தார். முதுகில் தங்கியிருந்த சூடு மெல்ல மெல்ல வாய்க்கு வந்தது. பளபளத்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அதன் ஓரத்தில் ஊதா எட்டிப் பார்த்தது. பார்த்ததும் முழு அலகையும் தண்ணீரில் தோய்த்துவிட்டார். நிறம் ஏறுவதற்கு முன்பே நிறுத்தினால் வாய் கண்ணாடிபோல் தெறிக்கும். நீலத்தையும் தாண்டவிட்டால் மழுங்கும். நடுவில் கிடைப்பது சில நொடிகள். இதைத்தான் துவைச்சல் என்கிறோம்.

நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். “இது சாமிக்குத்தானே அண்ணாச்சி? வெட்டப்போறதில்லை. இதுக்கு எதுக்குத் துவைச்சல்?”

அவர் கோபப்படவில்லை. “துவைச்சல் இல்லேன்னா அது தகடு தம்பி. அருவான்னு சொல்லிட்டுத் தகட்டைக் குடுக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டு, பூணுக்குப் பித்தளை வெட்டப் போய்விட்டார்.

அந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். நேர்ந்துகொண்டவருக்குத் துவைச்சல் தெரியாது. பூசாரி வாயைத் தடவிப் பார்க்கப்போவதில்லை. அரிவாளைப் பார்க்கிற கண்ணுக்குப் பித்தளையும் மணியும்தான் தெரியும். உள்ளே இருக்கிற உறுதி, செய்தவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அந்த யோசனையில் இன்னொரு கத்தி நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் போவி என்று ஒரு கத்தி உண்டு. 1827-ல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த ஒரு சண்டையில் ஜேம்ஸ் போவி என்பவர் கையில் இருந்து பேர்பெற்றது. இன்று அதை அலங்காரத்துக்காகவும் செய்கிறார்கள். மான்கொம்புப் பிடி, வெள்ளிப் பூண், கண்ணாடிப் பெட்டி. ஆனால் 1976-ல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. முதலில் அலங்காரமே இல்லாத ஒரு கத்தி. தொங்குகிற ஓர் அங்குலக் கயிறு ஒரே வீச்சில் அறுபட வேண்டும். கட்டையை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாயால் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அந்தக் கத்தியை இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள், ஒடியக்கூடாது. கத்தி அத்தோடு வீணாகிவிடும். இதில் தேறியவர்தான் அழகான கத்திகளை நடுவர் முன்னால் கொண்டுபோய் வைக்கலாம். பரீட்சைக் கத்திக்கு அங்கே பலர் விரும்பி எடுப்பதும் வண்டிப் பட்டை செய்கிற அதே வகை வில் எஃகுதான். நம் அண்ணாச்சிக்கு நடுவர் இல்லை, சான்றிதழ் இல்லை. பரீட்சையை அவரே வைத்து அவரே எழுதுகிறார். எனக்கு இவர்தான் பெரியவராகத் தெரிகிறார்.

இந்தக் கைப்பக்குவம் நேற்று வந்ததில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்கு கப்பலேறிப் போய் மேற்கே டமாஸ்கஸ் வாளானது. மைக்கேல் ஃபாரடே 1819-ல் அந்த உருக்கை ஆராய்ந்து பார்த்தார். உலகம் வியந்த அந்த அறிவை நம் ஊரில் ஏட்டில் எழுதிவைத்தவர்கள் குறைவு. இருட்டறையில் நின்று நிறம் பார்த்த கண்கள் வழியாகவே அது கைமாறி வந்திருக்கிறது. கண் பழகப் பிள்ளைகள் வரவில்லை என்றால் அது அந்த உலையோடு அணைந்துவிடும்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கொல்லுப்பட்டறை இன்னும் புகைந்துகொண்டிருக்கலாம். வீட்டில் அரிவாள்மனை மழுங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்காதீர்கள். அங்கே கொண்டுபோய்த் துவைச்சல் போடச் சொல்லுங்கள். கூடவே பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அந்த வைக்கோல் நிறம் ஊதாவாக மாறுகிற நொடியை அவர்கள் ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.