நம்மவரும் நல்லவரும்

வாக்களிக்கச் செல்பவர் தம்முள் இரு வினாக்களை எழுப்புதல் கூடும். "இவர் தகுதியுடையவரா?" என்பது ஒன்று, "இவர் நம்மவரா?" என்பது மற்றையது. முதல் வினா குடியாட்சிக்கு உகந்தது, இரண்டாவது இழிவானது எனத் தீர்ப்பளித்துவிடுதல் எளிது. ஆயினும் தேர்தல் வரலாற்றை நோக்குமிடத்து, இரண்டாம் வினாவே பெரும்பாலும் முந்திக்கொள்வதைக் காண்கிறோம். அவ்வாறு முந்துதல் அறத்துக்கு ஒத்ததா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

"நம்மவர்" என்ற சொல்லின் பொருள் நிலையானதன்று என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1911ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையின் "படித்த இலங்கையர்" ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. பொன்னம்பலம் இராமநாதனும் மாக்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். ஆங்கிலம் கற்ற சிலருக்கே வாக்குரிமை இருந்தது; அவர்களுள் சிங்களவர் பலர். எனினும் இராமநாதனே வென்றார். கொவிகம சாதியைச் சேர்ந்த சிங்கள மேட்டுக்குடியினர், கரவ சாதியினரான பெர்னாண்டோவை விலக்கி, வேளாளராகிய இராமநாதனை ஆதரித்தமை இவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம் என வரலாற்றாசிரியர் காட்டுவர். இன எல்லையைக் கடந்த அந்த வாக்கு, உண்மையில் சாதி எல்லைக்குள் நின்ற வாக்காகும். அடையாளம் அங்கே மறையவில்லை, இடம் மாறியது.

இவ்விடமாற்றம் வியப்புக்குரியதன்று. 1970ஆம் ஆண்டளவில் உளவியலாளர் ஹென்றி தஜ்பெல் பிரித்தானியப் பள்ளிச் சிறுவர்களை அற்பக் காரணங்கொண்டு இரு குழுக்களாகப் பிரித்தார். இரு ஓவியர்களுள் எவரை விரும்பினர் என்பதும் அத்தகைய காரணங்களுள் ஒன்று. தமக்கு எவ்வித இலாபமும் இல்லாதபோதும் சிறுவர்கள் தம் குழுவினருக்கே கூடுதலாக வழங்கினர். அற்பப் பிரிவினையே இத்துணை வலிமையுடையதாயின், மொழி, மதம், சாதி என்பவற்றின் வலிமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால், இயல்பாய் எழுவது யாவும் தவறு என்பதும் பொருந்தாது. நம்மவரைத் தெரிவதற்கு நியாயமான காரணமொன்று உண்டு. பிரதிநிதி பாராளுமன்றத்தில் எதிர்கொள்ளப்போகும் பிரச்சினைகள் அனைத்தையும் வாக்காளர் முன்கூட்டி அறியார். அறியாத எதிர்காலத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, தம் துன்பத்தைத் தாமும் பட்டுணர்ந்தவரை நம்புதல் அறிவுடைமையே. அரசியல் அறிஞர் ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் 1999இல் எழுதிய கட்டுரையிலும், நம்பிக்கை குலைந்த சூழலில் ஒத்த அனுபவமுடைய பிரதிநிதியின் தேவை வலியுறுத்தப்பட்டுள்ளது. மலையகத் தமிழரின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. தமக்காகப் பேசுவோரை இழந்த ஒரு மக்கட் கூட்டத்தினரிடம், "அடையாளம் பாராது வாக்களிப்பீர்" என உபதேசித்தல் அறமாகாது.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 1911இல் வென்ற அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதனை எதிர்த்தார். ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் வாக்குப் பெறுதலை அவர் விரும்பவில்லை. 1931இல் அவ்வுரிமை வந்தது. அதனால் முதன்முறை வாக்குப் பெற்ற தமிழருக்கு, தமிழராகிய அத்தலைவர் எவ்வளவுக்கு நம்மவர்? மொழி ஒன்றாயிருந்தும் நலன் வேறாயிருந்தது. உறவின் பெயரால் வாக்குப் பெறுபவர், அவ்வுறவுக்குள் அமிழ்ந்துகிடக்கும் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடவும் கூடும்.

எனவே அடையாளத்தை இருவகையாகக் கொள்ளலாம். ஒன்று, சான்றாகக் கொள்ளும் அடையாளம்: "இவர் எம் துன்பத்தை அறிந்தவர், ஆதலின் எமக்காகப் பேசக்கூடும்" என்பது. இது செயலால் சோதிக்கப்படக்கூடியது, பொய்த்தால் கைவிடத்தக்கது. மற்றையது, கடனாகக் கொள்ளும் அடையாளம்: "இவர் எம்மவர், ஆதலின் இவருக்கே வாக்கு" என்பது. இதனைச் சோதிக்க வழியில்லை. எதனைச் செய்தாலும் வாக்கு உறுதி என்றறிந்த அபேட்சகர் எவருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை.

பெரும்பான்மையினருக்கும் சிறுபான்மையினருக்கும் இவ்வற ஆராய்ச்சி ஒரே வகையாய்ப் பொருந்துமா என்று வினவலாம். பொருந்தாது. சிறுபான்மையினர் தம்மவரைத் தெரிந்தால் தம் குரலைக் காப்பர். பெரும்பான்மையினர் இனத்தால் மட்டும் வாக்களித்தால் பிறர் குரலை அடக்கும் அதிகாரத்தையும் பெறுவர். 1956ஆம் ஆண்டுத் தேர்தலும், அதனையடுத்து வந்த தனிச் சிங்களச் சட்டமும் இதனைத் தெளிவுறுத்தும். ஆற்றல் மிக்கவருக்குப் பொறுப்பும் மிக்கதாதல் முறையே.

2024 நவம்பரில் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்று, ஆறு ஆசனங்களுள் மூன்றினைக் கைப்பற்றியது. இதனை இன உணர்வின் முடிவென்றோ இனத் துரோகமென்றோ கொள்வது அவசர முடிபாகும். அப்பட்டியலில் வென்றோரும் தமிழரே. நம்மவர் என்போரிடமும் கணக்குக் கேட்கலாம் என வாக்காளர் உணர்ந்ததன் அறிகுறியாக அதனைக் கொள்ளலாம். புதியவரிடமும் அதே கணக்கைக் கேட்கும்போதுதான் அவ்வுணர்வு அறமாக முதிரும்.

நம்மவரைத் தெரிதல் தவறன்று. அவரை வினவாது விடுதலே தவறு. நல்லவரா என்ற வினாவுக்கு, நம்மவர் என்பது ஒருபோதும் விடையாகாது.