ஊதியமும் தர்மமும்

முதியோரைப் பேணுவது புத்திரனுக்குரிய கடமையென்றே நெடுங்காலமாகப் போதிக்கப்பட்டு வந்த சமூகத்தில், அதனைச் சர்வகலாசாலையில் பயின்று, பட்டமும் பெற்று, மாதச் சம்பளத்துக்குச் செய்பவருடைய செயல் தர்மமாகுமா, வெறும் பிழைப்பாகுமா என்னும் சந்தேகம் எழுவது இயற்கையே. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்று 1996-இல் முதுநிலைப் படிப்பு தொடங்கிய பின்னரும் அந்தச் சந்தேகம் முற்றும் தீர்ந்தபாடில்லை.

படுத்த படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்துவிடும் என்பதையும், காது மந்தமானவரிடம் கத்துவதைவிட எதிரே அமர்ந்து நிதானமாகப் பேசுவதே பயன் தரும் என்பதையும் பாசம் ஒன்றே கற்பித்துவிடாது. தள்ளாடுகிறாரே என்ற பரிவினால் நடக்கவிடாமல் கட்டிலிலேயே கிடத்திவைக்க, எஞ்சியிருந்த பலமும் க்ஷீணித்துப்போவதைக் காணும்போது, அறிவில்லாத அன்பு ஹிம்சையாகவும் முடியக்கூடும் என்பது விளங்கும்.

ஊதியம் பெறுவதால் தர்மம் கெடுமோவெனில், மகாபாரதத்துத் தர்மவியாதன் மிதிலையில் இறைச்சி விற்றுப் பிழைத்தவனே. ஆயினும் வேதமோதிய கௌசிகன் அவனிடம் உபதேசம் பெற்று, தான் விட்டுவந்த முதிய தாய்தந்தையருக்குப் பணிசெய்யத் திரும்பினான். ஆகவே, கர்மத்தின் தகுதியை நிர்ணயிப்பது ஊதியமன்று, சிரத்தையே. ஆனால் சம்பளத்துக்கு ஆள் அமர்த்தியதோடு தன் கடன் தீர்ந்ததென்று மகன் நினைப்பதற்கும் இடமில்லை. உடம்பைப் பேணும் வித்தையைப் பிறர் கற்றுச் செய்யலாம், பிள்ளையைக் காணவேண்டுமென்ற ஏக்கத்தைப் பிள்ளையே தீர்க்கவேண்டும்.