நம்மவர்க்கு முதலில் என்பது குற்றமா?

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவை மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மக்களில் வயதானவர்கள் இன்றும் மறக்கவில்லை. அன்று கரையேறிய சூறாவளியின் நடுப்பகுதி கடந்த இடங்களில் முதலில் ஒரு திசையிலிருந்து காற்று அடித்தது. பின்பு சட்டென்று ஓய்ந்தது. சூறாவளிக்கும் கண் உண்டு என்பதை அறியாதவர்கள், ஆபத்து நீங்கியது என்றே எண்ணினார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடித்தது. முதற் காற்றில் ஆட்டங்கண்டு நின்றவை இரண்டாம் காற்றில் விழுந்தன.

அன்புள்ள வாசகரே, ஒவ்வொரு பேரழிவுக்கும் பின்னால் இப்படியொரு இரண்டாம் காற்று வருகிறது. அது கடலில் பிறப்பதில்லை. நிவாரண லொறி ஊருக்குள் வரும்போது, “பட்டியலில் யாருடைய பெயர் முதலில்?” என்ற கேள்வியாக நம் நடுவிலேயே எழுகிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

“ஆண்டவர் இதை ஏன் அனுமதித்தார்?” என்று சிலர் கேட்பீர்கள். அது பெரிய கேள்விதான். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டதை இயேசு தாமே எடுத்துச் சொல்லி, மாண்டவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் அல்லர் என்று தெளிவாக்கினார். ஆகவே இடிந்த வீட்டைக் காட்டி, “அவன் செய்த பாவம்” என்று பேச நமக்கு உரிமையில்லை. காற்று ஏன் வந்தது என்பதற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. காற்று ஓய்ந்த மறுநாள் நாம் என்ன செய்தோம் என்பதற்குக் கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்தச் சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டோர் தொகை 10 இலட்சத்தை எட்டியது. ஏறக்குறைய 2,50,000 கட்டிடங்கள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த ஒரு இரவின் இழப்பு ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் உணவிலும் படிப்பிலும் தொடர்ந்தது.

கல்முனைப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று வெளியூரானுக்குத் தெரியாது. பேசுவது ஒரே தமிழ். பள்ளிவாசலின் பாங்கும் கோயில் மணியும் ஒரே காற்றில் கேட்கின்றன. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் இவர்களிடையே சிறு தொகையினராய் வாழ்கின்றன. “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்று இந்த உறவைச் சொல்வது கிழக்கிலங்கை வழக்கம். காற்று இவர்களில் யாரையும் பெயர் கேட்டு அடிக்கவில்லை. பெயர் கேட்பது பட்டியல்தான்.

சரி, “நம்மவர்க்கு முதலில்” என்று ஒருவர் சொன்னால் அது குற்றமா? அவசரப்பட்டு “ஆம்” என்று சொல்லாதீர்கள். வெள்ளத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத்தான் முதலில் தூக்குவாள். அவளை யார் குறை சொல்வார்? அழிவின் மறுநாள் அரசாங்கம் வந்து சேருமுன், பள்ளிவாசலில் ஒரு கிடாரம் அடுப்பில் ஏறுகிறது. கோயில் முன்றலில் ஒரு பானை ஏறுகிறது. பங்குக் குருவின் வீட்டிலும் ஒன்று ஏறுகிறது. ஒவ்வொருவரும் தம் அருகிலிருப்பவரிடம் ஓடுவதால்தான் முதல் நாளில் சனம் பிழைக்கிறது. எல்லாரையும் ஒரே அளவில் நேசிப்பதாகச் சொல்பவர் ஒருவருக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுக்காமல் இருந்துவிடவும் கூடும்.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, நெருங்கியவர்க்கு நம் கடமை கூடுதல் என்பதை அவர் ஏற்கிறார். ஆனால் அங்கேயே ஒரு வரம்பும் போடுகிறார். அந்நியன் ஒருவன் உயிர் போகும் தேவையில் இருக்க, சொந்தத் தகப்பனுக்கு அத்தனை அவசரமில்லையென்றால், அந்நியனுக்கே முதலில் உதவவேண்டும் என்கிறார். நெருக்கம் ஒரு நியாயம். கடுந்தேவை அதைவிடப் பெரிய நியாயம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டு அரிசியை நான் என் அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கலாம். பாதிக்கப்பட்ட எல்லாருக்குமென்று வந்த அரிசி என் கையில் இருந்தால் அது என்னுடையதல்ல. நான் அதன் காவற்காரன் மட்டுமே. அதில் ஒரு கொத்து என் உறவினர் வீட்டுக்குக் கூடுதலாகப் போனால், அதற்கு அன்பு என்று பெயர் வைத்துத் தப்பிக்க முடியாது. அது பிறர் சொத்து.

இனி, அளவுகோலைப் பாருங்கள். பட்டியல் எழுதுபவர், “உனக்கு என்ன நட்டம்?” என்று கேட்கிறார். நூறு தென்னை விழுந்தவர் நூறு என்கிறார். அந்த நூறு தென்னையின் ஓலையில் கிடுகு பின்னி வயிறு வளர்த்த பெண்ணுக்கு ஒரு தென்னையும் சொந்தமில்லை. அவள் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லவேண்டும். புயல் முடிந்த மாதம் விழுந்த ஓலைகளால் அவளுக்கு வேலை நிறையக் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு ஓலைக்கு எங்கே போவாள்? தேங்காய் பறித்தவன், தும்பு அடித்தவன், கரைவலை இழுத்துப் பங்கு வாங்கியவன் எல்லாரும் இப்படித்தான். வைத்திருந்தவனின் நட்டம் கணக்கில் ஏறுகிறது. அவனை அண்டிப் பிழைத்தவனின் நட்டம் ஏறுவதில்லை. இது இனத்தாலும் மதத்தாலும் வந்த அநீதியல்ல. எல்லா ஊரிலும் எளியவனைத் தேடி வரும் அநீதி.

26 ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில், இதே கரையில் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடுதலாக உயிரிழந்த மாவட்டம் இதுவே. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று பின்னர் விதிக்கப்பட்டது. சாய்ந்தமருது, கல்முனைக்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் கிழக்கே கடல், மேற்கே வயல். மக்கள் எங்கே போவார்கள்?

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. கடல் கொண்டுபோன முஸ்லிம் குடும்பங்கள் அவற்றை எதிர்பார்த்திருந்தன. ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுப்பது சரியல்ல என்று வழக்கு எழுந்தது. இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்பும் அவ்வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன; சுற்றிலும் பற்றை வளர்ந்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. “எல்லாருக்கும் பங்கு” என்பது நல்ல சொல்தான். ஆனால் கடல் விகிதாசாரம் பார்த்து வீடுகளைக் கொண்டுபோகவில்லை. இழந்தவர்களின் கணக்கும் வாழ்பவர்களின் கணக்கும் வேறு வேறானவை. நோயாளிகளுக்கு வந்த மருந்தை ஊரார் எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் அதை நீதி என்போமா? “நம்மவர்க்கே” என்ற சொல்லும் தவறக்கூடும். “எல்லாருக்கும் சமமாக” என்ற சொல்லும் தவறக்கூடும். இழப்பையும் தேவையையும் பார்க்க மறந்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரும். அந்த இடத்தில் வீடு வெறுமையாயிருக்கும், வீடற்றவன் வெளியே நிற்பான்.

இதைச் சிறு விடயம் என்று எண்ணாதீர்கள். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாக்கிஸ்தானைப் புயல் தாக்கி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். உதவி தாமதித்தது, தங்களைப் புறக்கணித்துவிட்டார்கள் என்ற கசப்பு மக்கள் மனதில் ஊறியது. ஏற்கெனவே இருந்த பிணக்குகளோடு அதுவும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டே அந்த நாடு பிரிந்தது. காற்று இடித்ததைக் கட்டிவிடலாம். “என்னை ஒதுக்கினார்கள்” என்ற நினைவு பேரப்பிள்ளைகள் வரை போகும். 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆகவே இது பழைய கதையல்ல. வாடைக்காற்றுக் காலம் ஆண்டுதோறும் வருகிறது.

நம்மில் மிகச் சிலரே பட்டியல் எழுதுகிறவர்கள். ஆகவே, “இது அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டியது” என்று நீங்கள் பக்கத்தைத் திருப்ப நினைக்கலாம். பொறுங்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்கள் நாம். உங்கள் கையில் நிவாரண அட்டை இருக்கிறது. வேலிக்கு அப்பாலிருக்கும் முஸ்லிம் வீட்டுக்கோ சைவ வீட்டுக்கோ இல்லை. அவர்களின் கூரையும் உங்கள் கூரையோடுதான் பறந்தது. பேசினால் உங்கள் பங்கு குறையலாம் என்ற பயம் இருக்கிறது. அப்போது வரிசையில் நின்றுகொண்டே, “ஐயா, அடுத்த வீட்டுப் பெயர் விடுபட்டுவிட்டது” என்று சொல்வீர்களா? அநீதி பெரும்பாலும் எழுதுபவனின் பேனாவினால் மட்டும் நிலைப்பதில்லை. பெற்றுக்கொண்டவர்களின் மௌனத்தினாலும் நிலைக்கிறது.

“என் அயலான் யார்?” என்று ஒருவர் கேட்டபோது இயேசு பெயர்ப் பட்டியல் தரவில்லை. அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்று இனத்தான் ஒருவன் காயம் கட்டிய கதையைச் சொல்லி, அயலானாக நடந்துகொண்டவன் யார் என்று திருப்பிக் கேட்டார். இன்றிரவு சாப்பாட்டு வேளையில் இதைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். அடுத்த வீட்டில் எத்தனை பேர், அவர்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள், கூரை போனால் எங்கே படுப்பார்கள் என்று அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால், இரண்டாம் காற்றைத் தாங்கும் வீடு உங்களுடையது.